முப்பத்தொன்பது அடி இரண்டு அங்குலம்

காலை பத்து நாற்பதுக்கு, சேரன் நகர் மூன்றாம் குறுக்குத் தெரு, மனை எண் பதினெட்டில் மூன்று பேர் காத்திருந்தார்கள்: வீட்டுக்காரர் தவமணி டீச்சர், காவலுக்கு இருக்கும் சங்கிலி, வீட்டைக் கட்டிய ஒப்பந்ததாரர் மாசிலாமணி. நகராட்சியின் நகரமைப்பு ஆய்வாளர் பதினொரு மணிக்கு வந்து கட்டடத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கார் நிறுத்தும் தரைத்தளத்தில் சங்கிலி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தான். ஒன்றில் டீச்சர், மடியில் பச்சை நிற ஃபைலோடு. இன்னொன்று பத்தடி தள்ளி, தூணுக்கு அந்தப் பக்கம், மாசிலாமணிக்கு. இருவரும் நேரே பேசி நான்கு மாதமாகிறது. டீச்சர் சொல்ல வேண்டியதைச் சங்கிலியிடம் சொல்வார், சங்கிலி அதை மாசிலாமணியிடம் சொல்வான், பதில் அதே வழியில் திரும்பிப் போகும். மூன்று பேருக்கும் எல்லாம் நன்றாகவே காதில் விழும். ஆனாலும் சங்கிலி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வான். சில நேரம் டீச்சரின் குரலிலேயே சொல்வான்.

மாசிலாமணி உட்கார்ந்தார், எழுந்தார், சட்டைப் பையிலிருந்த டேப்பை எடுத்துத் திண்டில் வைத்தார், மறுபடியும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். தூணைத் தாண்டி எட்டிப் பார்த்தால் மேற்குச் சந்து தெரியும். எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார், பார்த்தார். சந்தின் கடைசியில், வடமேற்கு மூலையில், மணல் குவியல், அதன்மேல் கான்கிரீட் போட அடியில் விரிக்கிற சென்ட்ரிங் தகடுகள் எட்டு, தகடுகளின்மேல் உடைந்த வாஷ்பேசின். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அதுதான் தப்பு. குப்பை மாதிரி இல்லை, அடுக்கி வைத்தது மாதிரி இருக்கிறது. எட்டுத் தகடும் ஓரம் ஓரத்தோடு சேர்ந்து, வாஷ்பேசின் நட்டநடுவில். முப்பது வருஷமாக எல்லாவற்றையும் மட்டம் பார்த்து வைத்தே பழகிய கை, ஒரு குப்பையைக்கூட அதற்குக் குப்பையாகப் போடத் தெரியவில்லை. போய் ஒரு தகட்டை இழுத்துச் சாய்த்துவிட்டு வரலாமா? வேண்டாம், டீச்சர் பார்ப்பார். பார்த்தால் என்ன, தகட்டைச் சாய்ப்பது குற்றமா? குற்றமில்லை, ஆனால் இத்தனை நாள் அங்கே போகாதவன் இன்றைக்கு ஏன் போகிறான் என்று ஃபைலிலிருந்து தலையைத் தூக்குவார். அவர் தலையைத் தூக்கினால் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கும், அந்தக் கண்ணாடிக்கு மேலாக வருகிற பார்வைக்கு முன்னால் ஐம்பத்து நான்கு வயசு ஆளுக்கும் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தேடும். உட்கார்ந்துகொள், மாசிலாமணி. கழுத்துக்குப் பின்னால் வியர்வை காய்ந்து உப்பாக உறுத்தியது. முழங்கால் இரண்டும் உள்ளே யாரோ ஆணி அடிப்பதுபோல் இடித்தன, காலையில் குழி வெட்டிய வலி.

குழி வெட்டியிருக்கவே வேண்டியதில்லை. போன மாதமே வெட்டியிருந்தால் கூலிக்கு வந்தவன் வெட்டியிருப்பான், கல்லைப் பார்த்திருந்தால் அவனே பெயர்த்து வெளியே வீசியிருப்பான், எனக்குத் தெரிந்தே இருக்காது. மழைநீர் சேகரிப்புக் குழி, வரைபடத்தில் வடமேற்கு மூலையில் ஒரு சின்னச் சதுரம், அது இல்லாவிட்டால் நிறைவுச் சான்றிதழ் இல்லை. வர்ணம், பைப், படிக்கட்டுக் கைப்பிடி என்று ஒவ்வொன்றாக முடித்து இதை மட்டும் மறந்து, நேற்றுச் சாயங்காலம் வீட்டில் வரைபடத்தை விரித்தபோதுதான் அந்தச் சதுரம் கண்ணில் பட்டது. விடிந்ததும் ஐந்தரைக்குக் கடப்பாரையோடு வந்தார். ஆள் கூப்பிட நேரமில்லை, தெரிந்த வேலைதானே என்று நினைத்தார். இரண்டடி இறங்கியதும் கடப்பாரை 'டங்' என்றது. சரளைக்கல் அப்படிச் சத்தம் போடாது. கையால் மண்ணை விலக்கினார். நாலு மூலையும் செதுக்கிய கருங்கல், தலையில் குறுக்காக ஒரு கூட்டல் குறி. எல்லைக்கல். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கமோ அடியிலோ இருக்க வேண்டிய கல், சுவருக்கு உள்ளே, சந்தில் இருந்தது. டேப்பை வைத்தார். கல்லின் நடுவிலிருந்து சுவரின் வெளிமுகத்துக்குப் பத்து அங்குலம். மறுபடி வைத்தார். டேப்பைத் திருப்பிப் போட்டு வைத்தார். பத்து அங்குலம். தேநீர் வாங்கப் போயிருந்த சங்கிலி கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் மாசிலாமணி என்ன நினைத்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை, மண்வெட்டி மட்டும் மண்ணை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. அதன்மேல் மணலும் தகடுகளும் ஏறின. பிறகு எட்டடி தெற்கே தள்ளி வேறு குழி. அதற்குச் சங்கிலியும் கை கொடுத்தான். "ஒரு குழிக்கு ரெண்டு குழி வெட்டுறீங்களே, மொதக் குழியில புதையல் ஏதும் கெடைச்சுச்சா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். சங்கிலி எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டுதான் கேட்பான், ஆகவே அந்தச் சிரிப்பிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நாற்பதுக்கு அறுபது. சேரன் நகரில் எல்லா மனையும் நாற்பதுக்கு அறுபது. தரகர் அப்படித்தான் சொல்வார், வாங்குகிறவர் அப்படித்தான் சொல்வார், பொறியாளர் கம்ப்யூட்டரில் முதல் கோட்டை இழுப்பதற்கு முன்னாலேயே நாற்பதுக்கு அறுபது என்றுதான் தட்டுவார். டீச்சர் பத்திரத்தின் ஜெராக்ஸைக் கொடுத்தார். வாங்கி வண்டிப் பெட்டியில் வைத்தேன். படித்தேனா? மனை எண் படித்தேன், சர்வே எண் படித்தேன். இன்று காலை குழியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய், கை கழுவாமல் அந்தத் தாளைத் தேடி எடுத்தபோது, நான்காம் பக்கத்தின் கடைசியில் இருந்தது: கிழமேல் தென்புறம் நாற்பது அடி, வடபுறம் முப்பத்தொன்பது அடி இரண்டு அங்குலம். எழுத்தாலும் எண்ணாலும். ரோட்டுப் பக்கம் நாற்பது, பின்னால் போகப் போக மேற்கு எல்லை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது, அறுபதடி போவதற்குள் பத்து அங்குலம். வேலை தொடங்கிய அன்று பூமி பூஜைக்கு ஐயர் குறித்துக் கொடுத்தது ஆறிலிருந்து ஏழரை. மனை பள்ளமாக இருக்கிறது என்று அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கிராவல் அடித்து இரண்டடி உயர்த்தியிருந்தது. கல் இருக்கும் இடத்தில் குச்சி நட்டுவிட்டுக் கொட்டு என்று ஜேசிபிக்காரனிடம் சொல்லியிருந்தேன், மூன்று குச்சி இருந்தது, நாலாவதைக் காணோம். மணி ஏழேகால். பொறியாளர் வரவில்லை, போனை எடுக்கவில்லை, இப்போது மஸ்கட்டில் இருக்கிறாராம். டீச்சர் பட்டுப் புடவையில், ஈசானிய மூலையில், தட்டில் ஒன்பது செங்கலோடு நிற்கிறார். நாலாவது கல்லைத் தேடித் தோண்டுவதா, நேரத்தைப் பிடிப்பதா? கிழக்கிலிருந்து நாற்பதடி நீட்டு, முளையை அடி, நூலைக் கட்டு. மூன்றடி, நான்கடி, ஐந்தடி முக்கோணம் போட்டு மூலைமட்டம் பார்த்தேன். மட்டம் சுத்தமாக இருந்தது. நான் போட்ட மூலைமட்டம் என்றைக்குத் தப்பியிருக்கிறது? அன்றைக்கும் தப்பவில்லை. மட்டம் சரி, மனைதான் கோணல். கட்டடத்துக்கு இணையாகச் சுற்றுச்சுவர், அதற்கும் நூல், அதற்கும் மட்டம். கடைசி வரைக்கும் எல்லாம் நேராக, அழகாக, அடுத்தவன் மண்ணில்.

"மணி பதினொண்ணே கால் ஆச்சு. போன் போட்டுக் கேக்கச் சொல்லு" என்றார் டீச்சர், தூணைப் பார்த்து.

"போன் போட்டுக் கேப்பீங்களாம்" என்றான் சங்கிலி.

வந்துகொண்டிருக்கிறேன் என்று ஆய்வாளர் சொன்னதை மாசிலாமணி சங்கிலியிடம் சொன்னார், சங்கிலி டீச்சரிடம் சொன்னான், டீச்சர் தலையசைத்ததைக்கூட அவன் மாசிலாமணியிடம் வந்து சொன்னான். முதலில் இப்படி இல்லை. கட்டடம் எழும்பிய ஒன்றரை வருஷமும் தினம் காலை ஏழுக்கு டீச்சர் குடையோடு வந்துவிடுவார். கலவை போடும்போது மூட்டையை எண்ணுவார், சாயங்காலம் ஹோஸைப் பிடித்து அவரே சுவருக்குத் தண்ணீர் அடிப்பார், புடவை முழங்கால் வரை நனைந்திருக்கும். மேஸ்திரி, இது என்ன, அது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பார், சொன்னால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். முப்பத்து நான்கு வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்த பணம் முழுவதும் இந்த நாலு வீட்டில் இருந்தது. ஒன்றில் அவர், ஒன்றில் தங்கை, இரண்டை வாடகைக்கு விட்டுச் சாப்பிட வேண்டும். பிரச்சினை கடைசித் தவணையில் வந்தது. ஆறு லட்சத்து நாற்பதாயிரம். வேலை முடிந்ததும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது என்றேன். நகராட்சி சான்றிதழ் தந்தால்தான் முடிந்தது, அது இல்லாமல் மின்வாரியம் நிரந்தர இணைப்புத் தராது, கரண்ட் இல்லாத வீட்டுக்கு யார் வாடகைக்கு வருவார் என்றார் டீச்சர். சான்றிதழ் வாங்குவது வீட்டுக்காரர் பாடு என்றேன். அடுத்த வாரம் கோடு போட்ட தாளில் சிவப்பு மையில் ஒரு பட்டியல் வந்தது, சங்கிலி கையில். ஒவ்வொரு அறைக்கும் மார்க் போட்டிருந்தார். சமையலறைப் பூச்சு பத்துக்கு ஏழு. மாடிப் படி பத்துக்கு ஐந்து, ஆறாவது படி உயரம் கூடுதல். முதல் மாடிக் குளியலறைத் தரை வாட்டம் பத்துக்கு மூன்று, கவனம் தேவை. கவனம் தேவை. அந்த இரண்டு சொல்லைப் படித்ததும் காது மடல் சுட்டது இன்றைக்கும் தெரிகிறது. அன்றிலிருந்து அவர் என்னை மேஸ்திரி என்று கூப்பிடுவதில்லை. கான்ட்ராக்டர்கிட்டச் சொல்லு, கான்ட்ராக்டரைக் கேளு.

கோபத்தில்தான் மனு கொடுத்தேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில், பட்டாவுக்கும் முதியோர் பணத்துக்கும் நின்றவர்களின் வரிசையில், நெற்றியில் வெயில் விழ இரண்டு மணி நேரம் நின்று, மேற்படி கட்டடம் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படி முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டுள்ளது, உரிமையாளர் வேண்டுமென்றே காலம் தாழ்த்துகிறார், ஆய்வு செய்து சான்றிதழ் வழங்க உத்தரவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதித் தந்தவன் நூறு ரூபாய் வாங்கினான். 'அங்குலம் பிசகாமல்' என்று ஒரு சொல்லை நான்தான் சேர்க்கச் சொன்னேன். வேண்டாம், அதெல்லாம் மனுவில் போடுவதில்லை என்றான். போடு என்றேன். அந்த மனு கமிஷனர் மேஜைக்குப் போய், அங்கிருந்து நகரமைப்புப் பிரிவுக்கு இறங்கி, இதோ இன்று ஆய்வாளரை வண்டியேற்றிக்கொண்டு வருகிறது. நானே கூப்பிட்டேன். ஒரு மனிதன் தன் மேல் தானே புகார் கொடுத்துவிட்டு நாற்காலி போட்டுக் காத்திருக்கிறான். எங்கோ தண்ணீர் சொட்டியது. மாடியில் எந்தக் குழாய்? முதல் மாடி வடக்கு வீடு, சமையலறை. வாஷர். இல்லை, சொட்டவில்லை, அது சங்கிலி பல்லில் குச்சி குத்துகிற சத்தம். இந்த வீட்டின் எல்லாச் சத்தமும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடலாம். இப்போதே எழுந்து பத்தடி நடந்து, டீச்சர், ஒரு கல் கிடைத்தது என்று சொல்லலாம். அப்புறம்? அப்புறம் சுவரை இடிக்க வேண்டும், அது பெரிய காரியமில்லை, நாலு நாள் வேலை, என் கைக்காசு. சுவரை உள்ளே தள்ளிக் கட்டினால் சந்து ஒடுங்கும், பின்மூலையில் ஐந்தடிக்குப் பதில் நாலடி இரண்டு அங்குலம், அதற்குச் சான்றிதழ் கிடையாது. கட்டடத்தைத் தள்ளி வைக்க முடியாது. மூலைத் தூண் நிற்கிறது, அதன்மேல் இரண்டு மாடி நிற்கிறது. சான்றிதழ் இல்லையென்றால் டீச்சருக்கு மின்இணைப்பு இல்லை, வாடகை இல்லை. எனக்கு ஆறு லட்சத்து நாற்பதாயிரம் இல்லை. அது போகட்டும். மார்ச் கடைசிக்குள் நகராட்சியில் என் ஒப்பந்ததாரர் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மூன்று வருஷத்தில் இரண்டு நிறைவுச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஒன்று இருக்கிறது. இரண்டாவது இதுதான், கையில் வேறு கட்டடம் இல்லை. பதிவு போனால் இன்னொருவர் பெயரில், இன்னொருவர் வேலையில், காலை எட்டு மணிக்குப் கலவைப் பாண்டும் கொத்துக் கரண்டியும் எடுத்துக்கொண்டு, இந்த முழங்காலோடு சாரத்தில் ஏற வேண்டும். இருபது வயசுப் பயல் கீழே நின்று, பெரியவரே சீக்கிரம் என்பான். மனைவி செந்தாமரை ஒன்றும் சொல்ல மாட்டாள், மாத்திரைப் பெட்டியை எடுத்து வைப்பாள், அவள் ஒன்றும் சொல்லாமலிருப்பதுதான் தாங்காது. காலையில் அந்தப் பத்திர ஜெராக்ஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என்னங்க, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யாருக்கு என்று கேட்பதற்குள் குளிக்கப் போய்விட்டேன்.

சொல்லாமல் விட்டால்? விட்டால் ஒன்றும் ஆகாது. மேற்கே பக்கத்திலிருக்கும் பத்தொன்பதாம் மனைக்காரர் ஓசூரில் இருக்கிறாராம், பத்து வருஷமாக மனை சும்மாக் கிடக்கிறது, ஆடு மேய்கிறது, பன்றி புரள்கிறது. பத்து அங்குலம் என்பது என்ன, ஒரு சாணும் இரண்டு விரலும். அதுவும் பின்மூலையில்தான், முன்னால் வர வர எட்டு, ஐந்து, மூன்று, ரோட்டுக்கு வந்தால் ஒன்றுமே இல்லை. எந்த மனையில் எந்தச் சுவர் சரியாக நிற்கிறது? இந்தத் தெருவில் டேப் பிடித்தால் பாதி வீட்டைப் பெயர்க்க வேண்டும். அவர் என்றைக்காவது வந்து கட்டும்போது இந்தச் சுவரைத் தன் சுவராக வைத்துக்கொள்வார், செலவு மிச்சம் என்பார். இல்லை, சர்வேயரைக் கூட்டி வருவார். எதற்குக் கூட்டி வருவார், எல்லாருக்கும் நாற்பதுக்கு அறுபதுதானே. ஆனால் பத்தொன்பதாம் மனைப் பத்திரத்தில் வடபுறம் நாற்பது அடி பத்து அங்குலம் என்று எழுதியிருக்கும். எழுத்தாலும் எண்ணாலும். கூடுதலாக உள்ளவன் படித்திருப்பான். குறைவாக உள்ளவன்தான் படிப்பதில்லை. டீச்சர்? எதையும் படிக்காமல் விடாதவர் தன் பத்திரத்தையா படிக்காமலிருப்பார். படித்திருப்பார், முப்பத்தொன்பது அடி இரண்டு அங்குலம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்திருப்பார், கட்டுகிறவனுக்குத் தெரியும் என்று விட்டிருப்பார். அந்தப் பச்சை ஃபைலில்தான் அசல் பத்திரம் இருக்கிறது. ஆய்வாளர் அதைக் கேட்டால், நான்காம் பக்கத்தைப் புரட்டினால், எல்லாம் தானாக வெளியே வந்துவிடும், நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்கட்டும். கேட்டுவிடட்டும். இந்த ஆள் புதுசு, சின்ன வயசு, கவர் வாங்குவதில்லை என்று பேச்சு, எதையும் விட மாட்டாராம். கேட்கட்டும் என்று நினைத்த அதே நேரத்தில், கேட்கக் கூடாது என்றும் இருந்தது. சங்கிலி மோர் கொண்டுவந்தான். டீச்சர் கொடுக்கச் சொன்னாரா என்று மாசிலாமணி கேட்டார். "இல்ல, மிஞ்சிப்போச்சு, கீழ ஊத்தச் சொன்னாங்க. ஒங்களுக்கு ஊத்திட்டேன்" என்றான் சங்கிலி, டீச்சருக்குக் கேட்கும்படி. தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன இருமல். அது சிரிப்பாகவும் இருக்கலாம். பெருங்காயம் போட்டிருந்தது, கறிவேப்பிலையை விரலால் நசுக்கிப் போட்டிருந்தது, மிஞ்சிய மோரில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆய்வாளர் இளவழகன் ஸ்கூட்டரில் வந்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். கையில் டேப் இல்லை, தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது, எண் வந்தது. முன்பக்கம், கிழக்குப் பக்கம், பின்பக்கம், தூண்களின் இடைவெளி, படிக்கட்டின் அகலம். ஒவ்வொன்றையும் வரைபடத்தில் டிக் அடித்தார். நேரத்தோடு போட்டியிடுகிற ஆள்போல் நடந்தார். மாசிலாமணி பின்னாலேயே போனார், டீச்சர் அவருக்குப் பின்னால், சங்கிலி கடைசியில். மேற்குச் சந்தில் ஆய்வாளர் முன்மூலையில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை புள்ளியை வைத்தார். சிவப்புப் புள்ளி சுற்றுச்சுவரின் மேல் நடுங்காமல் நின்றது. அஞ்சடி, அஞ்சடி. பிறகு தகட்டுக் குவியல்வரை போய், அதைச் சுற்ற வழியில்லாமல் நின்று, வரைபடத்தைப் பார்த்தார். குழி மூலையில்தானே இருக்கிறது, ஏன் இங்கே தள்ளி வந்தது என்று கேட்டார். அங்கே கழிவுநீர்க் குழாய் போகிறது சார் என்றார் மாசிலாமணி. அவர் குரல் சாதாரணமாக இருந்தது, அதைக் கேட்டு அவருக்கே ஆச்சரியம். பரவாயில்லை, தள்ளியிருந்தால் பரவாயில்லை, இருக்கிறது அல்லவா என்று டிக் அடித்தார். பின்மூலைக்குப் புள்ளியைக் குவியலுக்கு மேலாகவே பிடித்தார். அஞ்சடி. சங்கிலி வாஷ்பேசினைப் பார்த்தான், பிறகு வானத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். தெரியாது. தெரிந்தால் அவன் சிரித்திருப்பான். அவன் சிரிக்கவில்லை, அப்படியானால் தெரியும்.

தரைத்தளத்துக்குத் திரும்பி, ஸ்கூட்டர் சீட்டில் வைத்து ஆய்வாளர் எழுதினார். டீச்சர் பச்சை ஃபைலைத் திறந்து அசல் பத்திரத்தை நீட்டினார். வேண்டியதில்லைங்கம்மா என்றார் அவர், வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் தன் வேலை. பத்திரம் நீட்டியபடி ஒரு கணம் காற்றில் நின்றது. நான்காம் பக்கத்தின் மடிப்பு மாசிலாமணிக்குத் தெரிந்தது. பிறகு அது ஃபைலுக்குள் திரும்பிப் போயிற்று. ஆய்வாளர் ஒரு உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்து, உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார், உதடு அசைய, நிறுத்தி நிறுத்தி. ஆய்வாளர் மணியைப் பார்த்தார். ஐந்தாவது வரியில் டீச்சரின் விரல் நின்றது.

"மனையின் எல்லை சம்பந்தமா பின்னால வர்ற எல்லாத்துக்கும் நானே பொறுப்புன்னு போட்டிருக்கே?"

"எல்லாருக்கும் அதே ஃபாரம்தாங்கம்மா. சந்தேகம் இருந்தா சர்வேயரை வெச்சு அளந்துட்டுக் குடுங்க. மனு போட்டா மூணு மாசம் ஆகும், அதுக்கப்புறம் நான் வர்றேன்."

மூன்று மாதம். மாசிலாமணியின் மனம் உடனே கணக்குப் போட்டது, மார்ச் தாண்டிவிடும். கணக்குப் போட்டதைப் பார்த்து அவருக்கு வாய் கசந்தது, மோரின் பெருங்காயம் தொண்டையில் ஏறி வந்தது. டீச்சர் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு தலையைத் தூக்கி, தூணைப் பார்க்காமல், சங்கிலியைப் பார்க்காமல், நான்கு மாதத்துக்கு அப்புறம் நேராக மாசிலாமணியைப் பார்த்தார்.

"எங்களுக்குள்ள ஆயிரம் சண்டை இருக்கு சார். பூச்சு சரியில்ல, வாட்டம் சரியில்ல, எல்லாம் நான் சொல்லியிருக்கேன், இன்னமும் சொல்லுவேன். ஆனா அளவுல இவர் தப்பு பண்ணி நான் பாத்ததில்ல." ஆய்வாளரிடம்தான் சொன்னார், பார்வை மட்டும் இங்கேயே இருந்தது. "என்ன மேஸ்திரி, போடட்டுமா?"

சொல். இப்போது ஒரு சொல் போதும். வேண்டாம் என்று தலையை ஆட்டினால்கூடப் போதும், அவர் புரிந்துகொள்வார், எட்டாம் வகுப்பில் முப்பத்து நான்கு வருஷம் முழிக்கிற முகங்களைப் பார்த்தவர். முகத்தைப் பார்க்கட்டும், கண்டுபிடிக்கட்டும், நான் ஒளிக்கவில்லை, இதோ நிற்கிறேன். ஸ்கூட்டர் இஞ்சின் சூட்டில் டிக் டிக் என்று சுருங்குகிற சத்தம். புது வர்ணத்தின் வாசனை, இன்னும் ஒரு மாதம் இருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்தால் சீக்கிரம் போய்விடும், அதைச் சொல்ல வேண்டும். மேற்கே ஒரு ஆடு கத்தியது, சுவருக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில். மேஸ்திரி என்று கூப்பிட்டுவிட்டார். கான்ட்ராக்டர் என்று கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இல்லை, அப்போதும் சொல்லியிருக்க மாட்டேன், எதற்குப் பொய். மூன்று மாதம். சாரம். பெரியவரே சீக்கிரம். முழங்காலுக்குள் ஆணி. காலையில் கல்லை மூடின கை, அப்போதே பதில் சொல்லியாயிற்று, இப்போது வாய் அதைத் திருப்பிச் சொன்னால் போதும், சங்கிலி மாதிரி.

"போடுங்க டீச்சர்."

டீச்சர் போட்டார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கரும்பலகையில் எழுதுவதுபோல. நாளைக்குக் காலையில் வந்து செக்கை வாங்கிக்கொள்ளுங்கள் மேஸ்திரி, ஆறாவது படியை மட்டும் சரிசெய்து கொடுத்துவிடுங்கள் என்றார். சரி என்றார் மாசிலாமணி. ஆய்வாளர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். சங்கிலி இரண்டு நாற்காலிகளையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான்.

பதினான்கு மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 21, புதன்கிழமை காலை, நகராட்சி ஊழியர் ஒருவர் மனை எண் பதினெட்டின் கேட்டில் ஒரு நோட்டீஸை ஒட்டினார். மனை எண் பத்தொன்பதின் உரிமையாளர் கொடுத்த மனுவின் பேரில் அரசு நில அளவையர் அளந்ததில், மேற்குச் சுற்றுச்சுவர் பின்மூலையில் பத்து அங்குலம் அடுத்த மனைக்குள் கட்டப்பட்டிருப்பது தெரியவந்தது என்றும், சுவரை முப்பது நாளுக்குள் அகற்ற வேண்டும் என்றும், பக்கவாட்டு இடைவெளி குறைவாக இருப்பதால் நிறைவுச் சான்றிதழை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. நோட்டீஸ் பெ. தவமணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது அறுபத்தாறு என்ற பெயருக்கு வந்திருந்தது. ஒப்பந்ததாரரின் பெயர் அதில் எங்கும் இல்லை.